வேட்டியில் விழுந்த கல்யாணங்கள்

சிவகாசியில் காளியப்பன் சந்து என்று ஒரு சந்து உண்டு. அங்கே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலேயே ஒரு தொழிலை நடத்திக் காட்டினார்கள் என்பதும், அவர்கள் வீட்டு மாடியிலிருந்து கீழே இறங்க வேண்டிய கல்யாணப் பத்திரிகைகளெல்லாம் வழி தவறி அக்கம்பக்கத்து ஈரத் துணிகளில் போய் விழுந்தன என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நம்பாதவர் நேரே போய் எந்த வீட்டுக் கொடியைக் காட்டி வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கிற தொனியில் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும். அந்தத் துணிகளை உடுத்திக்கொண்டு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் அவர்கள்.

ராஜகனிக்கு வாய்தான் மூலதனம். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காததையெல்லாம் பேப்பர் கடையிலும் பைண்டிங் பட்டறையிலும் லாரி ஆபீஸ் வாசலிலும் ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டவள். ஒருதரம் ஏமாற்றியவனை மறுதரம் பார்த்தால் அவன் வம்சத்தையே வாசலில் இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்பாள். கத்தரிக்காய்க்காரனிலிருந்து கட்டிங் மெஷின்காரன் வரைக்கும் அவளிடம் விலை சொல்வதற்கு முன்னால் ஒருதரம் எச்சில் விழுங்கிக்கொள்வார்கள். அவள் புருஷன் தங்கப்பழமோ, மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரன் மிட்டாயைக் கொடுத்தால் அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டி வாங்கிவருகிற மனுஷன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கையைப் பிடிக்க ஊரில் ஆளில்லை. அவர் வரைந்த தோரணம் காற்றில் ஆடுவதுபோல் இருக்கும். மணமகள் பேருக்கென்று தனியாக ஒரு எழுத்து வைத்திருந்தார், எங்கும் வாங்க முடியாத, அவரே ராப்பகலாக வளைத்து வளைத்து உண்டாக்கிய எழுத்து. அதில் ஒவ்வொரு கொம்பும் மல்லிகைக் கொடி நுனிமாதிரி சுருண்டு நிற்கும். மணமகன் வீட்டார் எங்கள் பையன் பேரையும் அப்படியே போடுங்கள் என்று கெஞ்சினாலும் போடமாட்டார். "அது பொண்ணுக்கு மட்டும்தான்" என்பார், அவ்வளவுதான்.

அவர்கள் வேலை செய்த விதம் இது. கீழே முன்னறையில் ராஜகனி, அவள் கம்ப்யூட்டர், அவள் நாற்காலி, எதிரே வாடிக்கையாளருக்கு ஒரு பெஞ்சு. மாடியில் தங்கப்பழமும் அவர் கம்ப்யூட்டரும். இரண்டுக்கும் நடுவே கூரையில் ஒரு துளை போட்டு நீல வயர் ஒன்றை இறக்கி, இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாகக் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரிடம் பேரம் பேசி, பேர்களை வரிசைப்படுத்தி, யார் பேருக்குக் கீழே யார் பேர் வந்தால் யார் கோபித்துக்கொள்வார் என்று தீர விசாரித்து, அவள் அடித்து அந்த ஃபோல்டரில் போடுவாள். அவர் மேலே அதைத் திறந்து, மயில் கூட்டி, தோரணம் கட்டி, அதே ஃபோல்டரில் திருப்பிப் போடுவார். பென்டிரைவ் கிடையாது. என்றைக்கோ ஒரு வாடிக்கையாளர் செருகிய பென்டிரைவ் அவருடைய அத்தனை மயில்களையும் தின்றுவிட்டது என்று, மாடிக் கம்ப்யூட்டரின் ஓட்டைகளையெல்லாம் எம்சீல் பசை வைத்து அடைத்துவிட்டார். இன்டர்நெட்டும் அதே காரணத்தால் கிடையாது. அவர் கையில் இருந்தது பட்டன் போன். ஆக மாடிக்கும் தரைக்கும் இருந்த ஒரே பாதை அந்த நீல வயர்.

சண்டை மகள் கல்யாணத்தில் வந்தது. ஒரே மகள் கௌசிகா பெங்களூரில் வேலை பார்த்தாள். கோவில்பட்டியில் மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. ஊர் உலகத்துக்கெல்லாம் பத்திரிகை போட்ட கை தன் மகளுக்குப் போடுவது எப்படி இருக்கும் என்று சந்தே காத்திருந்தது. தங்கப்பழம் பிள்ளையார் போட்டு, மயில் போட்டு, இரண்டு பக்கத்துத் தாத்தாக்களையும் போட்டு, காலமான சித்தப்பாவுக்கு முன்னால் மறக்காமல் 'தெய்வத்திரு' போட்டு அனுப்பினார். ராஜகனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். தாய்மாமன் பேர் இல்லை. பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன், சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவன், ராஜகனியின் சொந்த அண்ணன் ரத்தினசாமி பேர் எங்கேயும் இல்லை.

மாடிப்படி அடியில் நின்று கத்தினாள். "ஏங்க, எங்க அண்ணன் பேரு எங்க?"

"இடம் பத்தலை."

"பிள்ளையாருக்கு இடம் இருக்கு, மயிலுக்கு இடம் இருக்கு, அந்த மயிலுக்குத் துணையா இன்னொரு மயிலுக்கும் இடம் இருக்கு, எங்க அண்ணனுக்கு இடம் இல்லையா?"

"மயில் என்னை ஒண்ணும் சொல்லலையே" என்றது மேலேயிருந்து வந்த குரல்.

என்ன சொல்லியிருந்தான் ரத்தினசாமி? இந்த வீட்டுப் பால்காய்ப்பு விருந்தில், பந்தி நடுவில், பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி, "மாப்ளே, என் தங்கச்சி வாய் இல்லைன்னா உன் இலையில சோறு ஏது?" என்று கேட்டிருந்தான். பந்தி சிரித்தது. தங்கப்பழம் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துபோனார். அதற்கப்புறம் எத்தனையோ ஆடி வந்து போயிற்று. எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள், அவர் ஒருத்தரைத் தவிர.

பத்திரிகை விஷயம் ரத்தினசாமியின் பேப்பர் கடைக்கு எட்டியது. "என் பேரு இல்லாத பத்திரிகைக்கு நான் எதுக்கு? மணவறைக்கு அந்த மயில் கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டு வந்த ராஜகனிக்குத் தலை உச்சியில் சூடு ஏறியது. "அந்தப் பேரு வர்ற வரைக்கும் என்கிட்டப் பேசாதீங்க!" என்று படியடியில் நின்று ஆணையிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் தட்டாத தங்கப்பழம் இதையும் தட்டவில்லை. பேசவில்லை.

ஆனால் வேலை நின்றுவிடுமா? பேச்சுத்தான் நின்றது. சாப்பாட்டுத் தட்டை அவள் நடுப்படியில் வைப்பாள், அவர் இறங்கிவந்து எடுத்துப்போவார், கழுவிய தட்டு நடுப்படிக்குத் திரும்பி வரும். மற்றதெல்லாம் அந்தக் 'கல்யாணம்' ஃபோல்டரில், பத்திரிகைகளுக்கு நடுவே, உள்ளே ஒன்றும் இல்லாத, பேர் மட்டும் உள்ள கோப்புகளாக நடந்தது. 'குழம்பு சூடு' என்று ஒரு கோப்பு மேலே போகும். 'மோர் வேண்டும்' என்று ஒன்று கீழே வரும். 'மின்சாரக்காரன் வந்தான்' என்று இவள் போட்டால் 'சரி' என்று அவர் போடுவார். இப்படியும் ஒரு குடும்பம் ஓடும் என்றால் ஓடும், ஓடியது.

ஒரு நாள் இடி விழுந்து, நீல வயரைச் செருகி இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்திருந்த பழைய பெட்டி புகைந்துபோயிற்று. ராஜகனி பழைய சாமான் கடையில் நின்று, கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் பேரம் பேசி, வேறொரு பெட்டி வாங்கிவந்து மாட்டினாள். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது, எதையோ அழுத்தினாள். மேலே அவருடையதும் ஏதோ கேட்டிருக்கும், அவரும் எதையோ அழுத்தியிருப்பார். மறுநாள் காலையிலிருந்து ஃபோல்டர் திறக்கவில்லை. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு, மாடிக் கம்ப்யூட்டரை எட்ட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

அன்றைக்கு வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் செல்லத்துரை, இடுப்பில் துண்டும் கையில் ஒரு ஈர வேட்டியுமாக வாசலில் வந்து நின்றார். "யம்மா ராஜகனி, உங்க வேலை எங்க வீட்டுல வந்து கிடக்கு."

விரித்தார். கரையிலிருந்து கரைவரைக்கும், அச்சில் ஏற்றியதுபோல, விளாத்திகுளத்தில் நடக்கப்போகிற ஒரு கல்யாணம். பிள்ளையார் இருந்தார், மயில் இருந்தது, மணமகள் பேரில் கொம்புகள் கொடியாகச் சுருண்டிருந்தன. ராஜகனி விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. "இதுல பெரியப்பா பேரு தப்பா இருக்கே" என்றாள், வேறொன்றும் சொல்லத் தோன்றாமல். வாடிக்கையாளரை வரச்சொல்லி, வேட்டியைப் பெஞ்சில் விரித்துப் பிழை பார்க்கச் சொன்னாள். அவரும் பார்த்து, தடவிக் கொடுத்து, அருமையா வந்திருக்கே என்றார். வேட்டியைப் போட்டோ எடுத்து, பெரியப்பாவைத் திருத்தி, பிரஸ்ஸுக்கு அனுப்பினாள். அச்சில் துணியின் இழை லேசாகத் தெரிந்தது. அந்த இழைக்காகவே அப்புறம் ஆர்டர் கூடியது. அதற்கு அவள் தனி ரேட் போட்டாள் என்று சொல்லவும் வேண்டுமா.

வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த சீட்டுகள் சாப்பாட்டுத் தட்டோடு நடுப்படி வழியாக மேலே போயின, பத்திரிகைகள் தினமும் துணியில் விழுந்தன. சட்டையில் காதுகுத்து விழுந்தது, போர்வையில் இரட்டைக் கல்யாணம் விழுந்தது, தலையணை உறையில் புதுமனை புகுவிழா அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. துக்க வீட்டுத் துணியில் மட்டும் ஒன்றும் விழாது. விழுகிறவற்றுக்கும் ஒரு நாகரிகம் இருந்தது. விசேஷ நாள் முடிந்த மறுநாள் சாதாரணத் தண்ணீரில் முக்கினால் எழுத்து முழுக்கக் கரைந்துபோகும், நாள் முடியும்வரைக்கும் பாறையில் அடித்தாலும் போகாது என்பதைச் சந்து சீக்கிரமே கண்டுகொண்டது.

இன்னொன்றையும் கண்டுகொண்டது. கண்டக்டர் செல்லத்துரை, வெளியே கட்டிப்போக வேறு நல்ல வேட்டி இல்லாததால் விளாத்திகுளம் கல்யாணத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். திரிந்தவருக்கு, ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அதற்குப் போகாமல் இருப்பது என்ன மரியாதை என்று தோன்றிவிட்டது. பஸ் ஏறிப் போனார். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா அந்த வேட்டியை ஏற இறங்கப் பார்த்தார், தன் பேரையும் தன் செத்துப்போன அம்மாவின் பேரையும் ஒரு முன்பின் தெரியாத மனுஷனின் இடுப்பில் படித்தார், படித்ததும் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். இரண்டாம் பந்தியில் பாயசம் பரிமாறிக் கொடுத்தது செல்லத்துரைதான். திரும்பி வந்து சந்து முனையில் நின்று சொன்னார்: "அந்த மனுஷன் பக்கத்துச் சனம் ரொம்பக் கம்மி. நாம போனது நல்லதாப் போச்சு."

அதிலிருந்து அதுவே முறையாயிற்று. துணியில் விழுந்தால் அழைப்பு, அழைப்பு வந்தால் போயே ஆகவேண்டும். வேன் பேசிக்கொண்டு போனார்கள். கூட்டம் குறைந்த கல்யாணங்களில் போய் நிறைந்தார்கள், சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்ட மண்டபங்களில் நடுவே போய் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் போதவில்லை என்றால் காளியப்பன் சந்து இருக்கிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேச்சாயிற்று. சந்துப் பெண்கள் பெரிய இடத்துக் கல்யாணம் விழட்டும் என்று நல்ல நல்ல சேலைகளாக நனைத்துப் போட்டார்கள். ஒரு வாரம் ஒன்றும் விழாத வீட்டுக்காரர்கள் முகம் வாடித் திரிந்தார்கள்.

கல்யாணத்தோடு கல்யாணமாக மற்றதும் விழுந்தது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாயின் நைட்டியில், நெஞ்சுக்கு நேரே, 'மோர் வேண்டும்' என்று விழுந்தது. அவள் அதை உடுத்திக்கொண்டே ஒரு சொம்பு மோருடன் வந்து, "மதினி, மேல கொண்டுபோய்க் குடுக்கவா, இல்லை நடுப்படியில வைக்கவா?" என்று கேட்டாள். மோர் மேலே போன நிமிஷம் நைட்டியில் எழுத்து மறைந்தது. அடுத்த நாள் ஒரு லுங்கியில் 'உப்பு கம்மி'. அதற்கடுத்த நாள் ஒரு துண்டில் 'முதுகு வலி', அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டிலிருந்து தைலம் வந்தது. தங்கப்பழத்துக்கு என்ன வேண்டும் என்பது சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் அடுத்த வீட்டுத் துணியைப் பார்த்துத் தெரிய வேண்டியிருந்தது.

ஏனென்றால் ராஜகனி கொடியில் மட்டும் ஒன்றுமே விழவில்லை. அவளும் துணி துவைத்தாள். மற்றவர்கள் மாதிரியே வெயில் படும் பக்கமாகப் போட்டாள், யாரும் பார்க்காதபோது இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் துணிதான். "கொடிக்கம்பி சரியில்லை" என்று கம்பியை மாற்றினாள். அப்போதும் வெறும் துணிதான். ஒரு நாள் தன் நீலச் சேலையை அடித்துத் துவைத்த சத்தத்தில் பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, "மதினி, சேலை என்ன தப்பு செஞ்சுச்சு?" என்றாள்.

ஆவணி நெருங்கியது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை இல்லை. கோவில்பட்டிக்காரர்கள் போன் போட்டு, "சம்பந்தி, நாங்க எங்க பக்கத்துக்கு அடிச்சுக் குடுத்து முடிச்சாச்சு. உங்க பக்கம்?" என்று இழுத்தார்கள். அண்ணன் வராமல் மகள் மணவறை ஏறுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாடியில் பேர் இல்லாத பத்திரிகை கிடந்தது. அதில் பேரைச் சேர்க்கச் சொல்லித் தன் கையால் எழுதிவைக்க மனமுமில்லை, சேர்த்திருந்தால் தெரிந்துகொள்ள வழியுமில்லை. படி ஏறினால் முடிந்தது. அவள் யாரிடமும் முதலில் இறங்கி வந்தவளில்லை. முதலில் ஏறிப் போவதும் அவளுக்கு அதே கணக்குத்தான்.

செல்வின் என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வந்தவன் அரைமணி நேரம் தன் பெருமையைச் சொல்லிவிட்டு, கீழே கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து என்னென்னவோ அடித்தான். "அக்கா, மேல சார்கிட்ட, அவர் கம்ப்யூட்டரோட பேரு என்னன்னு கேளுங்க."

"நீயே கேளு."

ஏறினான், கேட்டான், இறங்கினான். "ரெண்டு கம்ப்யூட்டருக்கும் குழுப்பேரு ஒண்ணுதானான்னு பாக்கணும். மேல என்ன காட்டுதுன்னு கேளுங்க."

"உனக்குக் கால் இல்லையா?"

ஏறினான், இறங்கினான். இவன் மேலே போனால் கீழே திரையில் காட்டியது மறைந்தது, கீழே வந்தால் மேலே மறைந்தது. கடைசியில் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "அக்கா, இது மெஷின் கோளாறு இல்லை. மேல ஒரு ஆள், கீழ ஒரு ஆள், தெரியுதா, தெரியலைன்னு ஒருத்தருக்கொருத்தர் சத்தம் போட்டாத்தான் இதைச் சரி பண்ண முடியும். ஊர்ல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்றோம்." கேட்ட கூலியில் பாதியைக்கூட வாங்காமல் போய்விட்டான். பேரம் பேசாமலே பாதியானது ராஜகனிக்கு என்னவோ அவமானமாக இருந்தது.

அன்று மத்தியானம் கௌசிகா போன் செய்தாள். கல்யாணப் பெண்ணின் குரல் மாதிரி இல்லை; அப்பா மாதிரி சன்னமாக, அம்மா மாதிரி சூடாக இருந்தது.

"அம்மா, மாமா வராம நான் மணவறையில ஏற மாட்டேன். பத்திரிகை எங்க?"

"உங்கப்பாவைக் கேளு."

"கேட்டேன். உங்கம்மாவைக் கேளுங்கறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல வயரா நான் இருக்க மாட்டேன். நான் சொல்றதைச் செய். புதுப் பெட்டி மாட்டுன அன்னிக்கு அப்பா கம்ப்யூட்டர் அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கும். அவர் என்ன பதில் சொன்னாருன்னு கேளு. கோளாறு அங்கதான் இருக்கு."

"யாரைக் கேக்க?"

"உன் புருஷனை!" என்று போனை வைத்துவிட்டாள்.

ராஜகனி எழுந்தாள். உட்கார்ந்தாள். பெஞ்சைத் துடைத்தாள். படியடியில் போய் நின்று, கூரையிலிருந்து இறங்கிய நீல வயரைப் பார்த்து, அதனிடம் கேட்பதுபோல் கத்தினாள்.

"ஏங்க! அன்னிக்குப் பெட்டி மாட்டுனப்ப உங்க கம்ப்யூட்டர் என்ன கேட்டுச்சு?"

மேலே நாற்காலி நகர்ந்த சத்தம். எதிர்வீட்டில் மிக்ஸி நின்றது, பக்கத்து வீட்டில் டி.வி. நின்றது, சந்தே காதைத் தீட்டிக்கொண்டது.

"இது வீடா, ஆபீஸா, பொது இடமான்னு கேட்டுச்சு."

"நான் வீடுன்னுதான் போட்டேன். நீங்க என்ன போட்டீங்க?"

மேலே நாற்காலி மறுபடியும் நகர்ந்தது.

"பொது இடம்."

"ஏன்?"

"வீடு மாதிரி இல்லையே."

ராஜகனிக்கு வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான். எத்தனை வியாபாரிகள் முயன்றும் முடியாததை அந்த மூன்று வார்த்தை செய்துவிட்டது. நீல வயரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க அண்ணன் என்னிக்கோ சொன்னதுக்கா இப்படி?"

"அவர் சொன்னதுக்கு இல்லை. அவர் சொன்னப்ப பந்தி சிரிச்சுச்சு. பரிமாறிட்டு இருந்தவ நீயும் சிரிச்ச."

சிரித்தாளா? கையில் ரசவாளி இருந்தது. அண்ணன் தன் வாயைப் புகழ்ந்த பெருமையில், ஆமாம், சிரித்தாள். அந்த ரசத்தைத்தான் அவர் இலையில் ஊற்றினாள்.

"சரி," என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ஆரம்பித்தாள். "நான் பாதிப் படி ஏறுறேன். நீங்க பாதிப் படி இறங்குங்க. இதுக்கு மேல குறைக்க முடியாது."

"முழுசா இறங்குறேனே" என்றார் தங்கப்பழம்.

"பேரத்தைக் கெடுக்காதீங்க. பாதின்னா பாதி."

தட்டு வைக்கிற நடுப்படியில் சந்தித்தார்கள். கொஞ்சம் இளைத்திருந்தார், மேலெல்லாம் அடுத்த வீட்டுத் தைல வாசனை.

"அண்ணன் பேரு வரணும்."

"வரும்."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது. இனிமே சிரிக்க மாட்டேன்."

"சிரிக்காதேன்னு யாரு சொன்னா? நான் சொல்றதுக்கும் ஒருநாள் சிரி."

"நீங்க எங்க எதையாவது சொல்றீங்க, சிரிக்கறதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டில் டி.வி. மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அவர் மேலே போய் உட்கார்ந்தார், இவள் கீழே உட்கார்ந்தாள். "வீடுன்னு மாத்திட்டேன், தெரியுதா?" "தெரியலை!" "இப்ப?" "இன்னும் தெரியலை!" "பாஸ்வேர்டு கேக்குதா பாரு." "கேக்குது, என்ன போட?" "கௌசிகா பொறந்த நாளு." "ஆங், தெரியுது தெரியுது!" என்று வீடே அதிரக் கத்தினார்கள், பக்கத்தில் இருந்தே சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தையெல்லாம் கத்தினார்கள். ஃபோல்டர் திறந்தது. பத்திரிகை வந்தது. ஒரு மயில் குறைந்திருந்தது. அந்த இடத்தில் தாய்மாமன் ரத்தினசாமி நின்றார்.

அதோடு சந்தில் துணிகள் வெறும் துணிகளாயின. ஒரு நாள் பொறுத்தார்கள், இரண்டாம் நாள் செல்லத்துரை தலைமையில் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"யம்மா, கௌசிகாவுக்குக் கல்யாணம். எங்க ஒருத்தர் துணியிலயும் ஒண்ணையும் காணோம். அப்ப எங்களை அழைக்கலை, அப்படித்தானே?"

"பத்திரிகை அடிச்சு வருது அண்ணாச்சி, வெத்தலை பாக்கு வச்சு வீடு வீடாத் தருவேன்."

"பேப்பர்ல குடுத்தா எவன் வருவான்?" என்று கோபித்துக்கொண்டார் செல்லத்துரை. "விளாத்திகுளத்தான் கல்யாணத்தை இடுப்புல கட்டுனேன். தூக்கி வளர்த்த புள்ளை கல்யாணத்தை மடிச்சுப் பையில வைக்கச் சொல்றியா?"

ராஜகனி இடுப்பில் கைவைத்து அவர்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க! இன்னிக்கு ஒருநாளைக்குப் பொது இடம்னு போடுங்க!"

சந்து முழுக்கக் கொடி கட்டினார்கள். பட்டுத் துணிகளைக்கூட நனைத்துப் போட்டார்கள். தங்கப்பழம் அனுப்பினார். வேட்டியில் விழுந்தது, சேலையில் விழுந்தது, பாவாடை தாவணியில், கைக்குட்டையில், அயர்ன் வண்டிக்காரர் மேலே கட்டியிருந்த நிழல்துணியில் விழுந்தது. காற்று வீசியபோது கௌசிகாவின் பேர் கொம்பு கொம்பாகச் சுருண்டு சந்து முழுக்க ஆடியது.

சாயங்காலம், இரண்டு தெரு தள்ளியிருந்து, ரத்தினசாமி வந்தான். விறைப்பாக வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். இடுப்பில் கட்டியிருந்த வேட்டியில் மருமகள் கல்யாணம்.

"எல்லாப் பேரும் வெளிய தெரியுது," என்றான் தங்கையிடம். "என் பேரை மட்டும் மடிப்புக்குள்ள வச்சிருக்கான் பாரு உன் புருஷன். வேணும்னே செஞ்சிருக்கான்."

ராஜகனி வாயைத் திறந்தாள். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"மச்சான், வயித்தை எக்கிக் கட்டாதீங்க. லேசாத் தளர்த்திக் கட்டுனா பேரு நேரா முன்னால வந்து நிக்கும்."

ரத்தினசாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வேட்டியை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டி, குனிந்து பார்த்தான். 'தாய்மாமன்' என்று நட்டநடுவில், எல்லாருக்கும் தெரியும்படி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "சாப்பாடு என்ன?" என்றான். ராஜகனி சிரித்தாள், முதலில் மாடியைப் பார்த்துச் சிரித்தாள், பிறகுதான் அண்ணனைப் பார்த்து.

கல்யாணம் நடந்தது. அந்த வேட்டியோடுதான் ரத்தினசாமி கௌசிகாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். மறுநாள் சந்தில் எல்லாத் துணியும் தண்ணீரில் முக்கியதும் வெளுத்தது. தங்கப்பழம் கம்ப்யூட்டரில் 'வீடு' என்று மாற்றிவிட்டு, மோர் கேட்க இறங்கி வந்தார்.

சில நாள் கழித்து, வெயில் நன்றாக ஏறிய ஒரு காலை நேரத்தில், ராஜகனி தன் கொடியிலிருந்து நீலச் சேலையை எடுத்தாள். முந்தானை ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, என்னவோ இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். 'ராஜகனி' என்று இருந்தது. முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை, தேதி இல்லை, முகூர்த்தம் இல்லை, மயில்கூட இல்லை. காலும் சுழியும் மல்லிகைக் கொடி நுனிமாதிரி சுருண்டிருந்தன. மணமகள் பேருக்கு மட்டும் அவர் வைத்திருந்த எழுத்து.

"நல்ல சேலையைப் பாழ்பண்ணிட்டாரு!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினாள். சோப்பைப் போட்டுத் துவைத்துப் பார்த்தாள், போகவில்லை. கல்லில் அடித்துப் பார்த்தாள், அதுவும் ரொம்ப மெதுவாகத்தான் அடித்தாள், போகவில்லை. நாள் முடிந்தால்தானே போவதற்கு.

இன்றைக்கும் பேரம் பேசப் போகும்போது அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போகிறாள். முந்தானையை இடுப்பில் செருகினால் பேர் மறைந்துபோகும் என்று, செருகுவதேயில்லை.